உப்புக்குத்தான்

கோட்டை வாசலில் கச்சான் விற்பவளுக்கு
மான் ஓர் அதிசயமில்லை.
சுருளைப் பிடுங்கும், கடதாசியையும் சேர்த்து விழுங்கும்.
பஸ் நிலையத்தில் பெட்டி படுக்கையோடு
உறங்கிக் கிடக்கும் ஆட்களுக்கு நடுவே
தானும் முதல் பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல் அசைபோடும்.
நான் கல்லெறிந்திருக்கிறேன்.
அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

சிவராத்திரிக்கு மறுநாள்
அந்தப் பெட்டை வந்தது
தலையில் பிஸ்கட் போத்தலோடு.
கடை மேசையில் நிற்குமே, வாய் அகன்ற பிளாஸ்டிக் போத்தல்,
அதற்குள் மூக்கு, கண், ஒரு காது.
மற்றக் காது வெளியே மடங்கி
விளிம்பில் நசிந்திருந்தது, அந்த இடுக்கால்தான் காற்று.
மூச்சு விட விட உள்ளே பனி பூக்கும்,
முகம் மறையும்,
பிறகு மெல்லத் திரும்பி வரும்.
ஆட்கள் படம் எடுத்தார்கள்.
நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.
அன்றைக்கு நல்ல வியாபாரம்.

இரண்டாம் நாள்தான் கவனித்தேன்:
ஐந்து மான்கள் அதைச் சுற்றி நின்றன.
கச்சான் கோது சிந்திக் கிடந்தது, வரவில்லை.
வாழையிலை ஒன்று காற்றில் போனது, துரத்தவில்லை.
கோயிலால் வந்த ஒருவர் பழம் நீட்டினார்.
ஒரு கிழட்டுக் கலை மட்டும் வந்து
வாங்கி மென்றுவிட்டுத்
திரும்பிப் போய்ப் பழைய இடத்தில் நின்றது.
அது எனக்குப் பிடித்தது.

குளம்புக்குப் போத்தல் கழற்றத் தெரியாது.
பெட்டை சுவரில் போய் மோதினால்
இரண்டு பக்கமும் நெருங்கி வந்து
விலாவால் தள்ளித் திருப்பிவிட்டன.
அவ்வளவுதான் அவற்றால் ஆனது.

போன ஆவணியில் கிழமைக் காசுக்காரர் இரண்டு பேர்
கட்டும்வரை போகமாட்டோம் என்று
என் கதிரையிலேயே குந்தியிருந்தபோது
ஒழுங்கை முழுக்க ஜன்னல் சாத்தியது.
எதிர்வீட்டுச் சோமலதா மட்டும் வந்தாள்.
கையில் பாதி உரித்த வெங்காயம்.
அவளுக்கு என் பாஷை அரைகுறை,
எனக்கு அவளுடையது அதைவிடக் குறைவு.
காசும் இல்லை அவளிடம்,
அதே ஆட்களுக்குத்தான் அவளும் கடன்.
படலையடியில் நின்றாள்.
வெங்காயத்தை உரித்து முடித்தாள்.
பிறகும் நின்றாள்.
இருட்டினதும் அவர்கள் எழுந்து போனார்கள்.
கண் எரிகிறது என்றாள் சிங்களத்தில்.
அது விளங்கியது.

மூன்றாம் நாள் நகரசபை முஸம்மில்
வலையும் வாள் அலகுமாய் வந்தார்.
நான் பின்னங்காலைப் பிடித்தேன்.
உதைத்தது. நியாயம்.
போத்தல் பிளந்ததும்
திரும்பியும் பாராமல் வேம்படிக்கு ஓடியது பெட்டை.
அங்கே ஐந்தில் ஒன்று
விளிம்பு அறுத்த காதடியை நக்கத் தொடங்கியது,
நீளமாக, அவசரமில்லாமல்,
நான் இருபது சுருள் சுற்றி முடிக்கும்வரை.

"உப்புக்குத்தான் நக்குது" என்றார் முஸம்மில்.
"வேர்வையில, ரத்தத்தில உப்பு இருக்கு. வேறொன்றுமில்ல."

இருக்கலாம்.
நிலாவெளி உப்பளத்தில் பதினொரு வருஷம்
பாத்தி வழித்தவள் நான்.
வெடித்த குதிக்காலில் உப்பு ஏறுவது எப்படியென்று தெரியும்.
உப்பிட்டவரை நினை என்று சொல்கிற வாயால்
உப்புக்குத்தான் என்று
எப்படி இளக்காரமாய்ச் சொல்வது?

போத்தலின் அடிப்பாதி என்னிடம் இருக்கிறது.
விளிம்பை நெருப்பில் வாட்டி மழுக்கினேன்.
கிழமைக் காசை அதில்தான் சேர்க்கிறேன், நிறைவதில்லை.

புதன்கிழமை அவர்கள் சோமலதாவிடம் வருகிற நாள்.
மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால்
அடுப்பை அணைத்துவிட்டு
கச்சான் வறுக்கிற அகப்பையோடே போய்
அவள் படலையடியில் நிற்கிறேன்.